வில்லில் உரிஞ்ச ஃபைபர் பட்டை: ஒட்டலாமா, ஆணியில் மாட்டிடலாமா?

1/
கொஞ்சம் நீளமான இழை இது. பொறுமையா படிங்க.

வீட்டிலேயே செய்த மர வில். அதன் மேல் ஒட்டியிருந்த ஃபைபர் கிளாஸ் பட்டை ஒரு பக்கம் உரிஞ்சு நிக்குது. திருப்பி ஒட்டலாமா என்று நம்ம நெல்லைப் பக்கத்துச் சகோதரர் ஒருவர் கேட்டிருந்தார்.

"டாக்டர்ட்ட கேக்குற கேள்வியாய்யா இது?" என்று சிலர் சிரிக்கலாம். ஒட்டு நின்றால் அது தச்சு வேலை. நிற்காவிட்டால் எங்க வேலை. அதனால் எனக்கும் இதில் கருத்து உண்டு.

2/
கருத்தை முதல்லயே சொல்லிடுறேன்.

வில்லின் நுனியில், ஓரத்தில், கொஞ்சமா உரிஞ்சிருந்தா ஒட்டலாம். வளையும் நடுப்பகுதியில் உரிஞ்சிருந்தா ஒட்டக் கூடாது. ஒட்டிய வில்லை எந்தக் காரணத்துக்காகவும் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது.

ஏன்னு பார்ப்போம்.

3/
வில் நமக்குப் புதுசில்லை. வில்லுப்பாட்டு பிறந்து வளர்ந்த மண் இது. 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் ஐயா நம்ம மாவட்டத்துச் சத்திரப்புதுக்குளத்துக்காரர்தான். ஆனால் அந்த வில்லை யாரும் முழுசா இழுத்து விடுவதில்லை. வீசுகோலால் நாணில் தட்டுவார்கள், அவ்வளவுதான்.

அம்பு எய்யும் வில் வேற ஜாதி. 30 பவுண்டு இழுவிசை உள்ள வில்லை முழுசா இழுத்தால் அதில் தேங்கும் ஆற்றல் சுமார் 30 ஜூலுக்கு மேல். ஒரு கிலோ எடைக்கல் பத்தடி உயரத்திலிருந்து விழுற மாதிரி. அந்த ஆற்றல் தேங்கி நிற்கும்போது நாண் உங்க தாடைக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேர் கீழே இருக்கு. இதை மனசுல வெச்சுக்கோங்க.

4/
வில் வளையும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். நடுவில் இருக்கும் மரத்துக்கும் மேலே இருக்கும் ஃபைபருக்கும் இடையில் ஒரு வழுக்கு விசை வரும். பழைய நோட்டுப் புத்தகத்தை வளைச்சுப் பாருங்க, தாள்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். அப்படி வழுக்க விடாமல் பிடிச்சு வெச்சிருப்பது பசை மட்டும்தான். பசை விட்டால் வில் ஒரே துண்டாக வேலை செய்யாது. பாரம் முழுக்க மெலிஞ்ச மரத்தின் மேல் விழும்.

"அப்போ ஃபைபரை முழுசா உரிச்சிட்டு வெறும் மர வில்லா வெச்சுக்கலாமே?" முடியாது. ஃபைபரை நம்பித்தான் அந்த மரத்தை மெல்லிசா சீவியிருப்பீங்க. தனியா நிற்காது.

5/
ஏன் உரியுது? நம்ம ஊரில் முக்கியக் குற்றவாளி வெயில்.

அறை வெப்பத்தில் இறுகிய சாதாரண எபாக்சி, 50-60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய காருக்குள் அந்த வெப்பம் சர்வ சாதாரணமாக வரும். நாண் ஏற்றிய வில்லைக் காரில் போட்டுட்டு கல்யாணத்துக்குப் போனால் கதை முடிஞ்சது.

அடுத்தது ஈரம். மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஃபைபர் அப்படி ஆடாது. பொதிகை மலையில் சாரல் அடிக்கும் ஆடியில் ஒரு மாதிரி, பங்குனி வெயிலில் வேற மாதிரி. இந்த இழுபறியில் பலி ஆவது பசை.

மூன்றாவது, ஒட்டும்போது கை எண்ணெய் பட்டது, பசை முழுக்கப் பிதுங்கிப் போகிற அளவுக்கு இறுக்கியது. நான்காவது, அம்பே இல்லாமல் நாணை இழுத்து விட்டு விளையாடுவது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் மொத்தமும் வில்லுக்கே திரும்பும்.

6/
எவ்வளவு தூரம் உரிஞ்சிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

தட்டிப் பாருங்க. சந்தையில் பானை வாங்கும்போது அம்மா சுண்டிப் பார்ப்பாங்களே, அதே வித்தைதான். ஒரு ரூபாய் நாணயத்தால் வில்லின் நீளம் முழுக்க மெதுவா தட்டுங்க. நல்ல இடம் 'டிக் டிக்'னு கெட்டியா கேட்கும். உரிஞ்ச இடம் பொத்தல் சத்தம் தரும். அந்த எல்லையைப் பென்சிலால் குறியுங்க.

நாங்க நோயாளியின் நெஞ்சில் விரலை வெச்சுத் தட்டுறதும் இதேதான். 1761-ல் அதை முதன்முதலில் எழுதி வெச்ச ஆஸ்திரிய மருத்துவர் அவுன்ப்ருக்கர், சத்திரம் நடத்தியவரின் மகன். பீப்பாயில் எவ்வளவு மது இருக்குன்னு தட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்த வீடு.

7/
ஒட்டலாம் என்று முடிவானால், ஒட்டும் முறை:

▪️ நாணைக் கழற்றுங்க.
▪️ பிளவுக்குள் மெல்லிய உப்புத்தாளை விட்டுப் பழைய பசையைச் சுரண்டுங்க. அசிட்டோனில் துடைங்க. நல்லா காயட்டும்.

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டுவாங்க. சீழ் இருக்கும் புண்ணைக் கழுவாமல் மேலே தையல் போட்டால் என்ன ஆகும்? வெளியே அழகா இருக்கும், உள்ளே அழுகும். அழுக்கு மேல் ஊற்றிய பசையும் அப்படித்தான்.

▪️ மெதுவா இறுகும் எபாக்சியை, சொன்ன அளவில் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் உள்ளே செலுத்துங்க. பட்டையை லேசா அசைச்சால் பசை கடைசி வரை போகும்.
▪️ மேலே பாலித்தீன் தாள் வைத்து, சைக்கிள் டியூபைக் கீறி நாடாவாக்கி ஒரே சீராகச் சுற்றுங்க. சீரான அழுத்தம் போதும், நெரிக்க வேண்டாம்.
▪️ ஒரு நாள் தொடாதீங்க. ஒரு வாரம் நாண் ஏற்றாதீங்க.
▪️ பிறகு அந்த இடத்தில் நூலை நெருக்கிச் சுற்றி, மேலே எபாக்சி பூசினால் கூடுதல் காப்பு.

சூப்பர் க்ளூ? நொறுங்கும் தன்மை உள்ள பசை. திரும்பத் திரும்ப வளையும் வில்லில் பெரிய பிளவுக்கு அதை நம்பாதீங்க.

8/
"படகு வேலை பார்க்கிறவங்ககிட்ட ரெசின் கிடைக்குதே?"

கிடைக்கும். புன்னைக்காயல் தொடங்கி நம்ம கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள்தான். ஆனால் அதில் பெரும்பாலும் பயன்படுவது பாலியஸ்டர் ரெசின். இறுகும்போது சுருங்கும், மரத்தை எபாக்சி அளவுக்குப் பிடிக்காது.

முக்கியமான விஷயம்: அதோடு தரும் தண்ணி மாதிரியான கேட்டலிஸ்ட், பெராக்சைடு வகை. கண்ணில் ஒரு சொட்டு தெறித்தால் பார்வையே போகலாம். தெறித்த அந்த நொடியே குழாயடியில் கண்ணைத் திறந்து வைத்து குறைந்தது 20 நிமிடம் கழுவுங்க. அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

9/
தூசி பற்றி. ஃபைபர் தூசிக்குத்தான் எல்லாரும் பயப்படுறாங்க. தோல் அரிக்கும், தொண்டை கரகரக்கும், உண்மை. ஆனால் இது கல்நார் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்திருப்பது மரத்தூளை! காலம் முழுக்க மரத்தூளைச் சுவாசிப்பவர்களுக்கு மூக்கு, சைனஸ் புற்றுநோய் வாய்ப்பு கூடும். ஆக இரண்டுக்கும் என்95 முகக்கவசம், கண்ணாடி. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

எபாக்சியை வெறுங்கையில் தொடாதீங்க. ஒரு தடவை அலர்ஜி வந்துட்டா பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது.

10/
ஒட்டியாச்சு. உடனே கையில் எடுத்து இழுக்காதீங்க.

வில்லைச் சுவரில் கொக்கியில் மாட்டி, நாணில் கயிறு கட்டி, கீழே ஒரு கப்பி வழியா கயிற்றைக் கொண்டு வந்து தள்ளி நின்று இழுங்க. முதலில் கால்வாசி, அப்புறம் பாதி, கடைசியில் முழுசு. ஐம்பது தடவை. திரும்ப நாணயத்தால் தட்டிப் பாருங்க. பென்சில் கோட்டைத் தாண்டிப் பொத்தல் சத்தம் வந்தால் அந்த வில்லுக்கு ஓய்வு கொடுங்க.

11/
"புது வில் வாங்க ஆயிரக்கணக்குல ஆகும் டாக்டர், உங்களுக்கென்ன, ஈசியா சொல்லிட்டீங்க."

நியாயமான கோபம். பழுது பார்க்கும் பழக்கத்தை மதிக்கிறவன் நான். மலிவான வில் கேவலமும் இல்லை. ராஜஸ்தானின் பழங்குடி கிராமத்தில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் போட்டியிட்டவர்.

அதனால் சொல்றேன்: பிள்ளை ஆசைப்பட்டால், குறைந்த இழுவிசையில், ஒட்டு வேலை இல்லாத மூங்கில் வில்லாகச் செய்து கொடுங்க. உங்க வில்லை நீங்க ஒட்டி நீங்க எய்தால் ஆபத்து உங்களோடது, தெரிஞ்சே ஏற்கிறீங்க. பத்து வயசுப் பிள்ளைக்கு அது தெரியாது. ஒட்டியதைச் சொல்லாமல் இன்னொருத்தருக்கு விற்பதும் அதே தப்புதான்.

12/
கடைசியா, ஏதாவது ஆகிவிட்டால்:

🔴 கண்ணில் சிராய் குத்தி நின்றால் பிடுங்காதீங்க, கழுவாதீங்க, அழுத்தாதீங்க. பேப்பர் கப்பைக் கவிழ்த்து மூடி, உடனே கண் மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்க. விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் விட வேண்டாம்.

🔴 கையில் சிராய் ஏறினால், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியலைன்னு விட்டுடாதீங்க. மரச்சிராய் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. வலியோ வீக்கமோ தொடர்ந்தால் திரும்ப வாங்க. அழுக்குக் காயத்துக்கு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போடணும்.

வில் போனால் இன்னொரு வில் செய்யலாம். தாமிரபரணிக் கரையில் மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. கண்ணுக்கு மாற்று செய்ய இன்னும் யாருக்கும் தெரியாது.

வீட்டில் வில் வைத்திருக்கும் நண்பர்களுக்குப் பகிருங்கள். இன்றைக்கே ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.