அலமாரியில் பூட்டி வைத்த வாயு மீட்டர்

"முப்பது வருஷமா தொட்டிக்குள்ள இறங்குறோம் ஐயா. ஒண்ணும் ஆகலியே! இந்த மீட்டர் கீட்டர் எல்லாம் ஆபீஸ்காரங்க வெளையாட்டு."

செம்பனை ஆலை ஒன்றின் லயத்து வாசலில் தேநீர் குடித்துக் கொண்டிருந்தபோது ஓர் அண்ணன் சொன்ன வார்த்தை இது. கை காய்த்துப் போன மனிதர். அவர் அனுபவத்தை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் அந்த 'ஒண்ணும் ஆகலியே' என்ற சொல்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்றரை டன் கழிவுநீர் மிஞ்சுகிறது. அது குளத்திலும் தொட்டியிலும் காற்றில்லாமல் கிடந்து புளிக்கும்போது மீத்தேன் வாயு பிறக்கிறது, கரியமில வாயு பிறக்கிறது, கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடும் பிறக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான் இந்தக் கடைசி வாயு. "நாத்தம் வந்தா வெளியே வந்துடுவோம்" என்பார்கள் நம்மவர்கள். அங்கேதான் மோசம் போகிறோம். காற்றின் பத்து லட்சம் பங்கில் இந்த வாயு நூறு பங்கு ஆனாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துப் போகும். நாற்றம் நின்று விட்டது, வாயு போய்விட்டது என்று நினைப்போம். போனது வாயு அல்ல, நம் மோப்பம்! எழுநூறு பங்குக்கு மேலே போனால் இரண்டு மூச்சுதான், ஆள் சாய்ந்து விடுவான்.

பழைய காலத்தில் கிணறு வெட்டுகிறவர்கள் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். அந்தப் புத்தியை ஆலைத் தொட்டியில் காட்டாதீர்கள். மீத்தேன் இருக்கும் இடத்தில் தீயைக் கொண்டு போனால் விளக்கு அணையாது, தொட்டியே வெடிக்கும்.

ஆகவே மீட்டர் வேண்டும். எந்த மீட்டர்? ஒரே ஒரு வாயுவைப் பார்க்கும் மலிவுச் சாமானை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பு கொடுத்தோம் என்று கணக்குக் காட்டும் நிர்வாகங்கள் உண்டு. குறைந்தது நான்கு வாயு பார்க்கும் மீட்டர் வேண்டும். பிராணவாயு 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். எரிவாயு, வெடிக்கும் அளவின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு 10, கார்பன் மோனாக்சைடு 25, இதற்கு மேல் போகக் கூடாது. ஆனால் கழிவுநீர்த் தொட்டிக்கு இந்த நாலும் போதாது என்பது என் கருத்து. சாதாரண நாலு வாயு மீட்டர் கரியமில வாயுவைப் பார்ப்பதே இல்லை. புளித்த தொட்டியில் அதுதானே குவிந்து கிடக்கிறது! அதற்கும் சேர்த்து உணரி வைத்த மீட்டர் கடையில் கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு கணக்கைச் சொல்கிறேன், மனதில் வையுங்கள். நல்ல காற்றில் பிராணவாயு 20.9. மீட்டர் 19.9 காட்டினால் "ஒண்ணுதானே கொறைஞ்சிருக்கு" என்று மண்டோர் சொல்லுவார். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு. அது ஒன்று குறைந்திருந்தால், வேறு ஏதோ ஒரு வாயு கிட்டத்தட்ட ஐந்து விழுக்காடு உள்ளே புகுந்திருக்கலாம். அது எது என்று தெரியாமல் இறங்கலாமா?

வாங்கினால் மட்டும் ஆயிற்றா? நான் போன ஓர் ஆலையில் மீட்டர் எங்கே என்று கேட்டேன். கிராணி சாவி தேடி, அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். புத்தம் புதுசு போலப் பளபளப்பு. பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் சரிபார்க்கும் தேதி கடந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அழுத்தினேன், எரிவாயு இடத்தில் பூஜ்யம் காட்டியது. "பாத்தீங்களா சார், நல்லா வேலை செய்யுது" என்றார். செத்துப்போன உணரியும் பூஜ்யம்தான் காட்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. எரிவாயு உணரியில் சிலிக்கோன் கலந்த எண்ணெயோ ஸ்ப்ரேயோ பட்டால் அது விஷம் தின்றது போல ஆகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

அதனால்தான் வேலைக்கு இறங்கும் அன்று காலையிலேயே, சோதனை வாயு சிலிண்டரை மாட்டி ஒரு நிமிஷம் ஊதிப் பார்க்க வேண்டும். கத்தினால்தான் மீட்டர் உயிரோடு இருக்கிறது. அந்தச் சிலிண்டருக்கும் காலாவதித் தேதி உண்டு. இதைத் தவிர, தயாரிப்பாளர் சொன்ன தவணையில், பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, முறையாகச் சரிபார்த்துச் சீட்டு வாங்க வேண்டும். பிராணவாயு உணரி பல மீட்டர்களில் இரண்டு மூன்று வருஷம்தான் தாங்கும். மீட்டரை எழுப்புவதும் நல்ல காற்றில்தான், குளத்தங்கரையில் அல்ல. கெட்ட காற்றையே பூஜ்யம் என்று அது பழகிக்கொள்ளும்.

சோதனையை வெளியே நின்றபடி குழாயை இறக்கிச் செய்ய வேண்டும். மேலே, நடுவே, அடியிலே என மூன்று இடம். மீத்தேன் மேலே ஏறும், மற்ற இரண்டும் அடியில் தங்கும். குழாய் நீளமானால் காற்று மேலே வந்து சேர நேரம் பிடிக்கும், அவசரப்படக் கூடாது. இறங்கிய பிறகும் மீட்டர் உடம்போடு இருக்க வேண்டும். சகதியைக் கிளறினால்தான் அடங்கிக் கிடந்த வாயு குபுகுபுவென்று கிளம்பும்.

இன்னொன்று, சொல்லவே மனம் கனக்கிறது. தொட்டியில் ஒருவன் விழுந்தால், அண்ணன் தம்பி பாசத்தில் அடுத்தவன் குதிக்கிறான், அவன் பின்னால் மூன்றாமவன். பாசத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் மேலே நிற்கும் ஆள் கயிறும் காற்றுச் சிலிண்டரும் இல்லாமல் இறங்கவே கூடாது.

இதெல்லாம் நாம் கெஞ்சிக் கேட்க வேண்டிய தருமமும் அல்ல. அடைபட்ட இடங்களுக்கான 2010ஆம் ஆண்டு விதிமுறை, பயிற்சி பெற்ற வாயு பரிசோதகர், மேலே காவல் நிற்கும் ஆள், அனுமதிச் சீட்டு எல்லாம் வேண்டும் என்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்காக உங்கள் சம்பளத்தில் ஒரு காசு பிடிக்கக் கூடாது. உடனடி ஆபத்து இருக்கிறதென்று நியாயமான காரணத்தோடு நம்பி, முதலாளியும் அதை நீக்கவில்லை என்றால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம் என்ற உரிமை 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து அமலில் உள்ளது. காண்ட்ராக்டில் வந்த வெளிநாட்டுத் தம்பிகளுக்கும் இதைச் சொல்லுங்கள். இன்று அதிகம் இறக்கி விடப்படுவது அவர்கள்தான்.

அந்த அண்ணனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "நாளைக்கு உங்க மகன இறக்கச் சொன்னா, மீட்டர் பாக்காம இறக்குவீங்களா?" தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "மொதல்ல அந்த அலமாரிச் சாவி யாருகிட்ட இருக்குன்னு கேக்கறேன்" என்றார்.