‘வேலை இருந்தால் போதும்’ என்போருக்கு...



சென்ற வாரம் பள்ளி முடிந்த வேளையில், நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். “சார், இதுல என்னா எழுதியிருக்கு? நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம்” என்றார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கங்கள். தொழிற்சாலைக்கு ஆர்டர் குறைந்துவிட்டதால் அவருடைய வேலை நேரமும் சம்பளமும் காற்பங்கு குறைக்கப்படுமாம். அதற்கு அவர் மனமுவந்து இசைவதாகக் கீழே கையொப்பமிட வேண்டுமாம்.

அருகில் நின்ற நண்பர் ஒருவர், அவரும் ஆசிரியர்தான், சற்றும் தயங்காமல் சொன்னார்: “போட்டுக் குடுத்துடுங்கம்மா. இந்தக் காலத்துல வேலை இருந்தாப் போதும்.”

அந்த நண்பரோடு எனக்குப் பகையில்லை. அந்த வாக்கியத்தோடுதான் பகை. ஏனெனில், 2020-இல் அதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த ஆண்டு அது. என் மாணவன் ஒருவனின் தந்தை, ஒரு தொழிற்சாலையில் 12 ஆண்டுகள் இயந்திரம் ஓட்டியவர், இதே போன்ற கடிதத்தோடு என்னை அழைத்தார். நான் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்திடச் சொல்லிவிட்டேன். அவரும் இட்டார். இரண்டாம் மாதமே வேலை நேரம் பழைய நிலைக்குத் திரும்பியது. சம்பளம் திரும்பவில்லை. எட்டாம் மாதம் ஆட்குறைப்பில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

இழப்பு அதோடு முடியவில்லை. 1980-ஆம் ஆண்டின் பணிநிறுத்த இழப்பீட்டு விதிமுறைகளின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 20 நாள் ஊதியம் இழப்பீடாகக் கிடைக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 240 நாள் ஊதியம். ஆனால், ஒரு நாள் ஊதியம் எவ்வளவு என்பதைக் கடைசி 12 மாதங்களின் சராசரியைக் கொண்டுதான் கணக்கிடுவார்கள். அந்தப் பன்னிரண்டில் எட்டு மாதங்கள் காற்பங்கு வெட்டப்பட்ட மாதங்கள். ஆகவே, 240 நாள் ஊதியம் என்று அவர் கையில் கிடைத்தது, பழைய சம்பளக் கணக்கில் 200 நாள் ஊதியம்தான். மீதி 40 நாள் ஊதியம் நான் சொன்ன அறிவுரைக்கு அவர் கொடுத்த விலை! இன்றுவரை அவர் என்னைக் குறை கூறியதில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

பெற்றோர்களே, ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். சம்பளமும் வேலை நேரமும் வேலை ஒப்பந்தத்தின் அடித்தளம். அதை ஒரு தரப்பார் மட்டும் தம் விருப்பம்போல் மாற்றிவிட முடியாது. உங்கள் இசைவு தேவைப்படுவதால்தான் உங்கள் கையொப்பத்தைக் கேட்கிறார்கள்! அந்தக் கடிதம் பார்வைக்குக் கட்டளைபோல் இருக்கலாம். உண்மையில் அது வேண்டுகோள். வேண்டுகோள் விடுப்பவரிடம் நிபந்தனை பேசுவது நன்றி கெட்ட செயலா?

அப்படியானால், குறைப்பை எப்போதுமே மறுக்க வேண்டுமா? நான் அவ்வாறு கூறவில்லை. மெய்யாகவே நொடித்துப்போகும் நிறுவனங்கள் உண்டு. 1975-ஆம் ஆண்டின் தொழிலியல் நல்லிணக்க நடத்தை நெறி, ஆட்குறைப்புக்கு முன் முதலாளிகள் எடுக்க வேண்டிய வழிகளைப் பட்டியலிடுகிறது. புதிய ஆள் எடுப்பதை மட்டுப்படுத்துவது, ஓவர்டைம் வேலையைக் குறைப்பது, வேலை நாள்களையும் நேரத்தையும் குறைப்பது ஆகியவை அதில் அடங்கும். பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்புவதைவிட நாற்பது பேர் சிறிது சிறிதாகச் சுமையைப் பகிர்வது அறம்தான். ஆனால், சுமை எவ்வளவு, எத்தனை நாளைக்கு, யார் யாருக்கு என்று கேட்காமல் தோளைக் கொடுப்பது அறமாகாது, அது ஏமாளித்தனம்.

இந்த ஏமாளித்தனத்துக்கு நம் சமூகம் முன்பே விலை கொடுத்திருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோரின் நாட்கூலி வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்கே கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். பின்னர் ரப்பர் விலை ஏறியது. கூலி தானாக ஏறியதா? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிக் கேட்க வேண்டியிருந்தது. அவர்களைத் திரட்டிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியாயினர். கூலி இறங்குவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். ஏறுவதற்கு உயிர் கேட்டது. இன்று நமக்கு அந்த நிலை இல்லை. வாயைத் திறந்து கேட்டாலே போதும். அதற்கும் அஞ்சலாமா?

சரி, எதைக் கேட்பது? அந்தத் தாயாரோடு அமர்ந்து நான் எழுதிக்கொடுத்தவற்றை இங்கேயும் தருகிறேன்.

1. குறைப்பு எந்தத் தேதியில் முடியும்? ‘மறு அறிவிப்பு வரும்வரை’ என்பது தேதியன்று.

2. நிர்வாகிகளின் சம்பளமும் குறைகிறதா, அல்லது உற்பத்திப் பிரிவுக்கு மட்டுமா?

3. வேலை நேரம் பழைய நிலைக்குத் திரும்பும் நாளிலேயே சம்பளமும் திரும்பும் என்று எழுத்தில் தருவார்களா?

4. இதற்கிடையில் ஆட்குறைப்பு நேர்ந்தால், பழைய சம்பளத்தைக் கொண்டே இழப்பீடு கணக்கிடப்படும் என்று உறுதி உண்டா?

5. ஓய்வாகும் நாள்களில் வேறு வேலை செய்துகொள்ள இசைவு உண்டா?

6. தொழிலாளர் இலாகாவுக்கு பிகே படிவம் அனுப்பியாயிற்றா? ஆட்குறைப்புக்கு மட்டுமன்றி, சம்பளக் குறைப்புக்கும் குறைந்தது 30 நாள் முன்னதாக முதலாளி அதை அனுப்பியாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அடிப்படைச் சம்பளம் குறைந்தால், ஓவர்டைம் கணக்கும் குறையும். சேமநிதியில் முதலாளி செலுத்தும் பங்கும் குறையும். மேலும், எந்தக் கையொப்பமும் சம்பளத்தைக் குறைந்தபட்சச் சம்பள வரம்புக்குக் கீழே இறக்க முடியாது. 2025-இல் நடப்புக்கு வந்த ஆணைப்படி அது மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 17 சென்.

கையொப்பம் இடாமலேயே சம்பளத்தை வெட்டினால் என்ன செய்வது? ‘மௌனம் சம்மதம்’ என்பது நம் வீட்டுப் பழமொழி மட்டுமன்று. எதிர்ப்புச் சொல்லாமல் பல மாதங்கள் வாங்கிக்கொண்டால், ஒப்புக்கொண்டதாகவே பின்னர் வாதிடுவார்கள். ஆகவே, இசைவில்லை என்பதை உடனே எழுத்தில் தெரிவித்து, ஒரு படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அங்கே செல்லுங்கள். இல்லையெனில் தொழிலாளர் இலாகாவுக்குச் செல்லுங்கள். ஆத்திரத்தில் வேலையை விட்டு விலகிவிடாதீர்கள். அவ்வாறு விலகும் நிலைக்கு நிர்வாகமே தள்ளியது என்று முறையிட விரும்புவோருக்கும் சட்டம் 60 நாள்களே தருகிறது.

இறுதியாக, ஆசிரியத் தோழர்களே, உங்களிடம் ஒரு சொல். நமக்கு அரசாங்கச் சம்பளம். மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. வெட்டுப்படாத சம்பளத்தில் இருந்துகொண்டு, வெட்டுப்படுகிறவரிடம் ‘வேலை இருந்தால் போதும்’ என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? பெற்றோர் நம்மைத் தேடி வருவது நாம் படித்தவர்கள் என்பதால். அப்படியிருக்க, படிக்காமலேயே பதில் சொல்லலாமா? பிள்ளைகளுக்கு அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதக் கற்றுக் கொடுக்கிறோம். அனுப்புநர், பெறுநர், தலைப்பு எல்லாவற்றுக்கும் புள்ளி குறைக்கிறோம். அதிகாரத்திலிருந்து வரும் கடிதத்தை எப்படிப் படிப்பது என்று ஒரு நாளேனும் கற்பித்தோமா? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

அந்தத் தாயார் மறுநாள் கையொப்பமிடவில்லை. படித்துப் பார்க்க ஒரு வாரம் அவகாசம் கேட்டார். கொடுத்தார்கள்! உடன் வேலை செய்யும் ஏழு பெண்களும் இப்போது அதே ஆறு கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. என்ன பதில் வந்தாலும், இம்முறை அவர்கள் படித்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள்.

2020-இல் நான் அந்தத் தந்தைக்குச் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரிதான்: “இன்றிரவு கையெழுத்துப் போடாதீர்கள், நாளை சேர்ந்து படிப்போம்.” இனியேனும் அதைச் சொல்வோம்.