முதலில் நிற்பது கால் இல்லை, மனசு



குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள் என்றால் 100 மீட்டருக்கு முண்டியடித்துக்கொண்டு போகிறோம். 1500, 3000 மீட்டர் என்றால் பெண் பிள்ளைகள் பக்கம் சத்தமே இல்லை. "அவ்ளோ தூரம் யாருடி ஓடுவா, கால் கழண்டுரும்" என்பதுதான் பதில். நெடுந்தூரம் ஓடுகிற மன உறுதி சிலருக்கு மட்டும் பிறவியிலேயே வரும் என்று நினைக்கிறோம். அது தப்பு என்பது என் கருத்து. வாய்ப்பாடு மாதிரி அதையும் பழகிக்கொள்ளலாம்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். பாதி ஓட்டத்தில் "இனி ஒரு அடிகூட முடியாது" என்று தோன்றுகிறது. ஆனால் கடைசிச் சுற்று என்று விசில் அடித்ததும் அதே ஆள் பறக்கிறாள்! கால் நிஜமாகவே ஓய்ந்துபோயிருந்தால் அந்த வேகம் எங்கிருந்து வந்தது? மனசுதான் இன்னும் எவ்வளவு தூரமோ என்று பயந்து முன்கூட்டியே கைவிரித்துவிடுகிறது. அதனால் அந்தத் தூரத்தை மனசுக்குச் சின்னதாக்கிக் காட்ட வேண்டும்.

நம் மைதானத்தில் ஒரு சுற்று 200 மீட்டர். 3000 மீட்டருக்கு 15 சுற்று. பயிற்சியில் நான் அதை மூன்று ஐந்தாகப் பிரித்துக்கொள்கிறேன். முதல் ஐந்தில் யார் முந்தினாலும் கண்டுகொள்வதில்லை. பக்கத்தில் வருகிறவளோடு இரண்டு வார்த்தை பேச முடிகிற வேகம் போதும். நடு ஐந்துதான் ரொம்பக் கஷ்டம். அப்போது "வேப்பமரம் வரைக்கும்" என்று மட்டும் நினைப்பேன். மரம் வந்ததும் "கொடிக்கம்பம் வரைக்கும்". கடைசி ஐந்தில் 5, 4, 3 என்று குறைத்து எண்ணிக்கொண்டே வருவேன். எண்ணிக்கை குறையக் குறைய மனசுக்குத் தெம்பு வந்துவிடும்.

இன்னொன்று. மனசு வந்தால் ஓடலாம் என்று காத்திருந்தால் அது வரவே வராது. மார்கழிக் குளிரில் யாருக்குத்தான் எழுந்திருக்கப் பிடிக்கும்? "பத்து நிமிஷம் மட்டும்" என்று கிளம்புங்கள். கிளம்பிட்டா பாதி வேலை முடிஞ்சது. ஓடிய நாளைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். வட்டம் விட்டுப்போகக் கூடாதே என்ற எண்ணமே மறுநாள் எழுப்பிவிடும். மாவட்டத்தில் முதலிடம் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். போன வாரத்து நம் நேரத்தைவிட இரண்டு வினாடி குறைத்தால் போதும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

ஆனால் மன உறுதி வேறு, பிடிவாதம் வேறு. மூச்சு வாங்குவதும் தொடை வலிப்பதும் ஓட்டத்தில் சகஜம். தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ உடனே நின்று சாரிடம் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு வந்து வெயிலில் ஓடுவது வீரம் இல்லை.

"வயசுக்கு வந்த பிள்ளைக்கு எதுக்கு இவ்ளோ ஓட்டம்" என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். பெண்களுக்கு இது தாங்காது என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார்கள். 32 வருடம் கழித்து 1960-ல்தான் திரும்ப வைத்தார்கள். பெண்கள் மாரத்தான் 1984-ல்தான் வந்தது. நம் தமிழ்நாட்டு சூர்யா லோகநாதன் 2016-ல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசியப் போட்டியில் 10,000 மீட்டரில் தங்கம் வாங்கினார். 400 மீட்டர் தடத்தில் அது 25 சுற்று! தாங்காது என்று சொன்னவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கடைசியாக இரண்டு வேண்டுகோள். பி.இ.டி. பீரியடில் மைதானம் முழுக்க கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறது. ஓடுகிற பிள்ளைகளுக்கு ஓரத்துத் தடத்தையாவது விடச் சொல்லுங்கள், ஆசிரியர்களே.

இரண்டாவது உங்களுக்கு, நண்பர்களே. கடைசியாக வருகிறவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் மாரத்தானில் டான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி கீழே விழுந்து காலில் அடிபட்டும் ஓடி முடித்தார். முதலில் வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் வந்தார். ஆனாலும் உலகம் அவர் பெயரை இன்னும் மறக்கவில்லை. நம் பள்ளியிலும் கடைசி ஆள் கோட்டைத் தாண்டும் வரை கை தட்டுவோம். நடு ஐந்து சுற்றில் அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போகும் என்று ஓடினால்தான் தெரியும்.

தினமும் சாயங்காலம் 4.30 மணிக்கு நாங்கள் மூன்று பேர் ஓடுகிறோம். நாலாவது ஆளாக நீங்களும் வாங்களேன்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி