சூடானுக்கு உணவும் விதையும் ஒன்றாகச் செல்லட்டும்: நிலைப்பாட்டு அறிக்கை

எங்கள் நிலைப்பாடு

சூடானில் பசித்திருக்கும் மக்களுக்குத் தரும் உணவு உதவியையும், அவர்கள் மறுபடி உழுது விதைக்கவும் கால்நடை வளர்க்கவும் தரும் வாழ்வாதார உதவியையும் ஒரே திட்டமாக நடத்த வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. நன்கொடை நாடுகளின் நிதியாண்டை ஒட்டி வகுக்கப்படும் இன்றைய திட்டங்கள், சூடானின் மழைக்காலத்தை ஒட்டி வகுக்கப்பட வேண்டும். தெருவுக்குத் தெரு அடுப்பு மூட்டி மக்களைக் காப்பாற்றிவரும் உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கு அதில் முடிவெடுக்கும் உரிமை வேண்டும். முதலில் உணவு, போர் ஓய்ந்த பிறகு விவசாயம் என்ற வரிசையை நாங்கள் ஏற்கவில்லை. போர் எப்போது ஓயும் என்று யாரும் சொல்ல முடியாத நாட்டில், அந்த வரிசைக்கு ஆண்டுதோறும் பஞ்சம் என்றே பொருள்.

நிலவரம்

2023 ஏப்ரல் 15 அன்று சூடான் ராணுவத்துக்கும் துணை ராணுவப் படையான ஆர்.எஸ்.எஃப்.புக்கும் இடையே போர் மூண்டது. அதன் பிறகு 1.2 கோடிக்கும் மேற்பட்டோர் ஊரையும் வீட்டையும் விட்டு வெளியேறினார்கள். வடக்கு டார்ஃபூரின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் நிலவுவதை, உணவுப் பாதுகாப்பு நிலையை வகைப்படுத்தும் ஐ.பி.சி. அமைப்பின் பஞ்ச ஆய்வுக் குழு 2024 ஆகஸ்டில் உறுதிசெய்தது. 2025 நவம்பரில் அல் ஃபாஷிர், கடுக்லி நகரங்களிலும் பஞ்சம் உறுதியானது. நாட்டில் 2.1 கோடிக்கும் அதிகமானோர், அதாவது மக்கள்தொகையில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர், கடுமையான உணவு நெருக்கடியில் இருந்ததாக ஐ.பி.சி.யின் அதே மதிப்பீடு தெரிவித்தது.

பஞ்சம் என்ற சொல்லை ஐ.பி.சி. எளிதில் பயன்படுத்துவதில்லை. ஐந்தில் ஒரு குடும்பமாவது உணவே இல்லாத நிலைக்குத் தள்ளப்பட்டிருக்க வேண்டும். குழந்தைகளில் 30 விழுக்காட்டினர் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாட்டில் இருக்க வேண்டும். 10,000 பேரில் நாளொன்றுக்கு இருவர் பசியாலோ பசியும் நோயும் சேர்ந்தோ இறந்துகொண்டிருக்க வேண்டும். இந்த மூன்று எல்லைகளையும் தாண்டிய பிறகே அறிவிப்பு வருகிறது. அதுவரை காத்திருந்து தொடங்கும் உதவி, பிணங்களை எண்ணிய பிறகு வரும் உதவி.

இந்தப் பஞ்சத்துக்கு மழையைக் குறை சொல்ல முடியாது. நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் இடைப்பட்ட ஜஸீரா பாசனத் திட்டம் 1925இல் தொடங்கி, பின்னர் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேர் நிலத்துக்கு நீர் தரும் அளவுக்கு விரிந்தது. 2023 டிசம்பரில் ஜஸீரா மாநிலத்தின் தலைநகரான வாத் மதனிக்குள் போர் நுழைந்தது. அங்கிருந்த உலக உணவுத் திட்டத்தின் கிடங்கு சூறையாடப்பட்டது. ஏறத்தாழ 15 லட்சம் பேர் ஒரு மாதம் உண்பதற்கான உணவு பறிபோனது. சூடானின் சோளம், கம்பு ரகங்களைப் பாதுகாத்துவந்த விதை வங்கியும் அதே நகரில்தான் இருந்தது. அதுவும் சூறையாடலுக்குத் தப்பவில்லை. சூடானிய விதை மாதிரிகள் 2025 பிப்ரவரியில் நார்வேயின் ஸ்வால்பார்ட் பெட்டகத்தில் அடைக்கலம் புகுந்தன. தின்ன வைத்திருந்த தானியமும் விதைக்க வைத்திருந்த தானியமும் ஒரே ஊரில் பறிபோயின. அந்த இழப்பை ஈடுசெய்யும் உதவி மட்டும் ஏன் இரண்டாகப் பிரிந்து வர வேண்டும்?

பருவம் தவறிய உதவி

டார்ஃபூரிலும் கொர்டோஃபானிலும் பெரும்பாலும் மானாவாரி விவசாயம். ஜூனில் மழை இறங்கியதும் கம்பும் சோளமும் விதைக்கிறார்கள், அக்டோபரிலிருந்து அறுக்கிறார்கள். இடைப்பட்ட மாதங்களில் வீட்டில் தானிய இருப்பு தீர்ந்துபோகும். அதே மாதங்களில் காட்டாறுகள் பெருகிச் சாலைகளை அறுத்துவிடும். லாரிகள் சேற்றில் புதைந்து நிற்கும். பசி உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் பாதை அடைபட்டுவிடுகிறது. ஆகவே அந்த நான்கு மாதத்துக்கான உணவும் விதையும் மழைக்கு முன்பே கிராமத்தை எட்டியிருக்க வேண்டும்.

2024இல் நடந்தது இதற்கு நேர்மாறு. சாட் நாட்டு எல்லையிலுள்ள ஆத்ரே கடவையைச் சூடான் அதிகாரிகள் பிப்ரவரியில் மூடினார்கள். ஆகஸ்ட் நடுவில்தான் திறந்தார்கள். இருப்பு சேர்ப்பதற்கான கோடையும் விதைப்புக்கான முதல் மழையும் அதற்குள் கடந்துவிட்டன. ஆகஸ்ட் கடைசியில் கைக்கு வரும் கம்பு விதையால் அந்த ஆண்டு பயனில்லை. ஆறு மாதத் தாமதம், ஒரு முழு ஆண்டின் விளைச்சலைக் கொண்டுபோனது.

விதை உரிய நேரத்தில் வந்தாலும், உணவு கூடவே வராவிட்டால் அது நிலத்துக்குப் போவதில்லை. பட்டினி கிடக்கும் வீட்டில் ஒரு மூட்டை விதைத் தானியத்தை இறக்கிவைத்துவிட்டுப் போனால், அது உரலுக்குத்தான் போகும். அழும் பிள்ளைக்கு விதையைக் குத்திக் கஞ்சி காய்ச்சும் தாயைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. பூஞ்சைக்கொல்லி பூசிய விதையாக இருந்தால் அந்தக் கஞ்சியே நஞ்சாகும். அதனால்தான் விதை தரும் குடும்பத்துக்கு அறுவடை வரைக்கும் உண்ணத் தானியமும் சேர்த்துத் தர வேண்டும் என்கிறோம். அந்த உணவு, விதையைக் காக்கும் வேலி.

ஒருங்கிணைப்பில் உள்ள குறைகள்

2005இல் ஐ.நா. கொண்டுவந்த துறைவாரிக் குழு முறையில், உணவுப் பாதுகாப்புக்கான குழுவை உலக உணவுத் திட்டமும் உணவு, வேளாண்மை அமைப்பும் கூட்டாக நடத்துகின்றன. எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்ற பட்டியல் அங்கேதான் தயாராகிறது. பேச ஒரே மேசை இருக்கிறது. பணம் மட்டும் இரண்டு வழியாக வருகிறது. உணவுக்கு நெருக்கடி நிதி, விவசாயத்துக்குப் பெரும்பாலும் வளர்ச்சி நிதி. 2021 அக்டோபரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதுமே உலக வங்கி சூடானுக்கான நிதியை நிறுத்திவைத்தது. ஆட்சியாளர்களைத் தண்டிக்க எடுத்த முடிவின் சுமை சிறு விவசாயிகள்மீதும் விழுந்தது.

அடுத்த குறை, அனுமதி. ராணுவத்தின் பக்கம் ஓர் ஆணையம், ஆர்.எஸ்.எஃப். பக்கம் 2023இல் தொடங்கிய இன்னொரு நிறுவனம். போர்முனையைக் கடக்கும் லாரிக்கு இரண்டு கையெழுத்தும் வேண்டும். 2025 ஜூனில் உலக உணவுத் திட்டமும் யுனிசெஃப்பும் அனுப்பிய 15 லாரிகள், போர்ட் சூடானிலிருந்து 1,800 கிலோமீட்டர் கடந்து, ஆர்.எஸ்.எஃப். முற்றுகையிட்டிருந்த அல் ஃபாஷிரை நெருங்கிவிட்டன. வழித்தடம் இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தது. மேலே செல்ல அனுமதிக்காக அல் கோமாவில் காத்திருந்தபோது தாக்கப்பட்டன. ஐந்து பேர் இறந்தார்கள். முற்றுகைக்குள் இருந்தவர்கள் மாட்டுத் தீவனமான கடலைப் பிண்ணாக்கைத் தின்று உயிர்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 26 அன்று நகரம் ஆர்.எஸ்.எஃப். வசம் விழுந்தது.

உள்ளூர் அடுப்புகள்

சர்வதேச அமைப்புகள் எட்ட முடியாத இடங்களில் மக்களைக் காப்பாற்றியவை அவசரகால உதவிக் குழுக்கள். இளைஞர்களும் பெண்களும் அவரவர் தெருவில் நடத்தும் பொதுச் சமையற்கூடத்துக்கு அங்கே தகாயா என்று பெயர். வெளிநாட்டிலுள்ள உறவினர்களும் உதவி அமைப்புகளும் அனுப்பும் பணம் ‘பங்கக்’ என்ற வங்கிச் செயலி வழியாகத் தன்னார்வலரின் கைபேசிக்கு வருகிறது. அதைக் கடைக்காரரின் கணக்குக்கு மாற்றிப் பருப்பும் மாவும் விறகும் வாங்குகிறார்கள். பெரிய அண்டாவில் கொதிக்கும் பருப்பைப் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றுகிறார்கள். கைபேசித் தொடர்பு அறுந்தால் பணம் வராது. அன்றைக்கு அடுப்பும் எரியாது.

2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது 1,100க்கும் மேற்பட்ட சமையற்கூடங்கள் மூடப்பட்டதாகத் தன்னார்வலர்கள் தெரிவித்தார்கள். அதே ஆண்டு இக்குழுக்களுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. விருது வழங்கிப் பாராட்டும் உலகம், திட்டம் தீட்டும் இடத்தில் இவர்களுக்கு இன்னும் உரிய நாற்காலி தரவில்லை. மனிதாபிமான நிதியில் 25 விழுக்காடாவது உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகச் சேர வேண்டும் என்று நன்கொடை நாடுகளும் பெரிய அமைப்புகளும் 2016இல் ஒப்புக்கொண்டன. அந்த இலக்கு இன்றும் எட்டப்படவில்லை.

ஆட்சேபங்களும் எங்கள் பதிலும்

போர் நடக்கும் இடத்தில் பயிர் செய்தால் ஆயுதக்காரர்கள் அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது ஓர் ஆட்சேபம். இந்த அபாயம் உண்மையானது. ஆனால் உணவு லாரியும் கிடங்கும் அதே அபாயத்தில்தான் இருக்கின்றன. ஆயிரம் துண்டு நிலங்களில் பரவி நிற்கும் பயிரை ஒரே இரவில் அள்ளிக்கொண்டு போக முடியாது. எங்கே விதைக்கலாம், எங்கே வீட்டுத் தோட்டமும் ஆடும் போதும், எங்கே சமைத்த உணவு மட்டுமே சாத்தியம் என்பதை அந்தந்த ஊரார் அறிவார்கள். அவர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

நிதி குறைவாக இருக்கும்போது உயிர் காக்கும் உணவுக்கே முழுப் பணமும் போக வேண்டும் என்பது இன்னொன்று. பஞ்சம் உறுதியான இடங்களில் உணவும் சிகிச்சையுமே முதலில் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. மற்ற இடங்களில் விதைக்குத் தராத பணம், அடுத்த ஆண்டு உணவுக்கான செலவாகப் பல மடங்கு பெருகித் திரும்பி வரும்.

தெருக் குழுக்களிடம் கணக்கு வழக்கு சரியாக இருக்காது என்றும் சொல்கிறார்கள். கைபேசிப் பரிமாற்றம், பருப்புக்கான ரசீது, அக்கம்பக்கத்தாரின் கண்காணிப்பு ஆகியவை இவர்களிடம் இருக்கின்றன. பதிவுச் சான்றிதழும் ஆண்டறிக்கையும் கேட்டு உதவியை நிறுத்துவது, வேறு ஒருவரும் எட்டிப்பார்க்காத இடத்தில் கடைசி அடுப்பை அணைப்பதாகும்.

எங்கள் கோரிக்கைகள்

1. போரிடும் இரு தரப்பும்: மக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகப் பயன்படுத்துவதை 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறைகள் தடைசெய்கின்றன, ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2018ஆம் ஆண்டுத் தீர்மானம் 2417 கண்டிக்கிறது. எல்லைக் கடவைகளைக் காலக்கெடு இன்றித் திறந்துவையுங்கள். உணவைப் போலவே விதை, மண்வெட்டி, கால்நடைத் தடுப்பூசி ஆகியவற்றுக்கும் அனுமதி தாருங்கள். தகாயா தன்னார்வலர்களைக் கைது செய்வதையும் தாக்குவதையும் நிறுத்துங்கள்.

2. நன்கொடை நாடுகள்: மழைக்கால இருப்புக்கான நிதியை ஜனவரிக்குள் விடுவியுங்கள். உணவு, விவசாயம் என்று பிரிக்காத நிதியாகத் தாருங்கள். 2016இல் தந்த 25 விழுக்காடு வாக்கைக் காப்பாற்றுங்கள்.

3. ஐ.நா. அமைப்புகள்: விதை பெறும் குடும்பப் பட்டியலும் உணவு பெறும் குடும்பப் பட்டியலும் ஒன்றாக இருக்கட்டும். கடைவீதி இயங்கும் ஊரில் பணமாகவும், இயங்காத ஊரில் தானியமாகவும் தாருங்கள். விவசாயிகளுக்கு மட்டும் தந்து மேய்ச்சல் மக்களை விட்டுவிட்டால், ஏற்கெனவே நிலத்துக்கும் நீருக்கும் நடக்கும் பூசலில் உதவியே எண்ணெய் ஊற்றும். இரு சாராருக்கும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

4. அண்டை நாடுகளும் ஐ.பி.சி. பங்காளர்களும்: பசியின் அளவை மதிப்பிடும் பணி எந்தத் தரப்பின் ஒப்புதலுக்கும் கட்டுப்படாமல் நடக்க வேண்டும். சூடான் அரசு 2024 டிசம்பரில் ஐ.பி.சி.யில் பங்கேற்பதை நிறுத்திக்கொண்டதால் பசித்தவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடவில்லை.

எங்கள் உறுதிமொழி

சூடானுக்காகத் திரட்டும் நிதியை உணவுக்கு வேறு, விதைக்கு வேறு என்று நாங்கள் பிரிக்க மாட்டோம். உள்ளூர்க் குழுக்கள் கேட்காத பொருளை அனுப்ப மாட்டோம். வேறு அமைப்பு ஏற்கெனவே உதவும் ஊரில் எங்கள் பெயர்ப் பலகைக்காக இன்னொரு திட்டம் தொடங்க மாட்டோம். உள்ளூர்க் குழுக்கள் தரும் எளிய கணக்கை, எங்கள் நன்கொடையாளர்களுக்குரிய அறிக்கையாக மாற்றும் வேலையை நாங்களே செய்வோம்.

சூடானில் ஜூனில் மழை தொடங்கும். மே மாத முடிவுக்குள் விதையும் அறுவடை வரைக்குமான உணவும் எத்தனை கிராமங்களைச் சேர்ந்தன என்பதை வைத்தே ஒவ்வோர் ஆண்டும் எங்களையும், இத்துறையில் இயங்கும் எல்லா அமைப்புகளையும் மதிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.