பிடுங்குமுன் சர்க்கரையைக் கேட்போம்

“பல் ஆடுது டாக்டர், பிடுங்கி விட்டுடுங்க.” வேப்பந்தட்டையிலிருந்தும் ஆண்டிமடத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்வது இதைத்தான். கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் கருத்து இறுகிய காரை. புரோபை வைத்தால் 6 மில்லிமீட்டர் இறங்குகிறது. ரத்தம் கசிகிறது; அவரோ முகம்கூடச் சுளிப்பதில்லை. வலிக்கவில்லை, அதனால் இத்தனை வருஷம் வரவில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாகச் சர்க்கரை மாத்திரை அவர் வீடு வரை போயிருக்கலாம். அவர் வாயைத் திறந்து பார்க்கும் முதல் ஆள் பல் மருத்துவர்களாகிய நாம்தான்.

ஐ.சி.எம்.ஆர். 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஈறு நோயை அதன் ஆறாவது பின்விளைவு என்று 1993-இல் எழுதியவர் ஹரால்ட் லோ. இலங்கை மலையகத்தின் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்கள் 480 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வும் அவர் குழுவினுடையதே. பல் துலக்கும் வழக்கமே அநேகமாக இல்லாதவர்கள். எல்லோர் வாயிலும் காரை. ஆனாலும் சுமார் 8 சதவீதம் பேருக்கு எலும்புப் பிடிப்பு வேகமாக அழிந்தது. 11 சதவீதம் பேருக்கு நோய் ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. கிருமி மட்டும் தீர்மானிப்பதில்லை, அது குடியிருக்கும் உடம்பும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அந்த உடம்பை நாம் விசாரிக்கிறோமா?

சர்க்கரை ஏறினால் ஈறின் எதிர்ப்பு குலைகிறது. ஈறின் அழற்சி ரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. ஆழமாகச் சுத்தம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.1.சி. சராசரியாக 0.43 புள்ளி குறைவதாக 2022-ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. மாத்திரைக்கு மாற்றாகாது, ஆனால் கூடுதலாக ஒரு மாத்திரை எழுத நினைக்கும் மருத்துவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதய விஷயத்தில் அளந்து பேசுவோம். அடைபட்ட ரத்தக்குழாய்ப் படிவுகளில் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸின் மரபணு கிடைத்தது உண்மை. ஆனால் தொடர்பு உண்டு, காரணம் என்று நிறுவப்படவில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் எழுதியது. “சுத்தம் செய்யாவிட்டால் ஹார்ட் அட்டாக் வரும்” என்று நோயாளியைப் பயமுறுத்துவது நம் தொழிலுக்கு அழகல்ல.

சின்ன வெங்காய அறுவடை வந்தால் அடுத்த தேதிக்கு யாரும் வரமாட்டார்கள். நான்கு முறை அலையவிடுவதும் ஒன்றிரண்டு அமர்வில் வாய் முழுவதையும் முடிப்பதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன. தூரத்துக்காரருக்கு இரண்டாவதே நல்லது. ஆனால் சமீபத்தில் மாரடைப்பு வந்தவருக்கு அந்த அவசரம் வேண்டாம். தீவிர ஈறு சிகிச்சைக்கு மறுநாள் ரத்தக்குழாய் விரியும் திறன் தற்காலிகமாகக் குறைந்து, ஆறு மாதத்தில் முன்பைவிட மேம்பட்டதை 2007-இல் டொனெட்டி குழு காட்டியது. இதய நோயாளி சாப்பிடும் ஆஸ்பிரினை நாமாக நிறுத்தச் சொல்லவும் கூடாது.

ஈறு தடித்து வீங்கி வந்தால் காரையை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஆம்லோடிபினும் அதைச் செய்யும். மாத்திரைப் பட்டையை வாங்கிப் பாருங்கள். புரோபின் ஆழத்தையும் எச்.பி.ஏ.1.சி.யையும் நோயாளியின் மருத்துவக் குறிப்பேட்டிலேயே எழுதி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள்.