ஒரு சாலையின் பெயர்

சென்ற ஞாயிறன்று என் அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டிற்கு வந்தார். கனடாவில் படிக்கும் அவர் மகன், கோடை விடுமுறையில் நண்பர்கள் இருவருடன் வடதுருவக் கடல்வரை காரில் போகப் போகிறானாம். "தம்பி, நீ வாத்தியார். நீ சொன்னால்தான் கேட்பான். வேண்டாமென்று எழுதிவிடு" என்றார்.

எழுதுமுன் அவனுடைய பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தேன்.

போகும் வழி டெம்ஸ்டர் நெடுஞ்சாலை. டாசன் நகருக்கு அருகில் தொடங்கி இனுவிக் வரை சுமார் 736 கிலோமீட்டர். 1979-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து கடலோரத்து டுக்டோயக்டுக் வரை 2017-இல் இன்னொரு சாலையும் வந்துவிட்டது. ஏறக்குறைய முழுதும் சரளைக்கல். நம் செம்பனைக் காட்டு லோரிப் பாதை மாதிரிதானே என்று எண்ணிவிடாதீர்கள். 369-ஆவது கிலோமீட்டரில் ஈகிள் பிளெய்ன்ஸ் விடுதி வரும்வரை பெட்ரோல் கிடையாது. கூரிய கல் டயரைக் கிழித்துவிடும். பீல், மெக்கன்சி ஆறுகளைக் கோடையில் பெரியில் கடக்க வேண்டும். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேலேயே வண்டி ஓடும். உறையும்போதும் உருகும்போதும் இரண்டுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான்.

பையன் இதையெல்லாம் குறித்திருந்தான். ஆனால் கடைசியில், "சுமையைக் குறைத்தால் விரைவில் போய்த் திரும்பலாம்" என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வரிதான் என்னைக் கலக்கியது. அந்தச் சாலைக்குப் பெயர் வந்த கதை அவனுக்குத் தெரியாது போலும்.

1910 டிசம்பர் 21-இல் பிட்ஸ்ஜெரால்டு என்ற போலீஸ் அதிகாரி, மூன்று பேரோடும் நாய் வண்டிகளோடும் மெக்பெர்சன் கோட்டையிலிருந்து டாசனுக்குப் புறப்பட்டார். விரைவாகப் போய்ச் சேர வேண்டுமென்று உணவைக் குறைத்தே ஏற்றினார். வழியில் அமர்த்திய ஈசா ஜார்ஜ் என்ற குவிச்சின் இனத்து வழிகாட்டியைப் புத்தாண்டு நாளிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு வழிகாட்டவேண்டிய கார்ட்டரோ அந்தப் பாதையை ஒரே முறைதான், அதுவும் எதிர்த்திசையில், கடந்தவர். திரும்பவேண்டிய ஓடையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நாட்கள் போயின. திரும்பி நடந்தார்கள். இழுத்துவந்த நாய்களையே ஒவ்வொன்றாகக் கொன்று தின்றார்கள். கோட்டைக்குச் சுமார் 25 மைல் இருக்கும்போது பிட்ஸ்ஜெரால்டும் சாய்ந்தார். நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 1911 மார்ச்சில் அவர்களைத் தேடிப்போய் உடல்களைக் கண்டவர்தான் டெம்ஸ்டர். அவரோடு ஒரு குவிச்சின் வழிகாட்டியும் சென்றார் என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கதையைத்தான் மருமகனுக்கு எழுதினேன். போகாதே என்று எழுதவில்லை. ஸ்பேர் டயர் இரண்டு, நான்கு நாளைக்குக் கூடுதல் உணவு, கைப்பேசி பெரும்பாலும் எடுக்காத இடமாகையால் செயற்கைக்கோள் வழிப் பேசும் கருவி ஒன்று. பெரித் துறையிலோ விடுதியிலோ அந்த ஊர்க்காரர் "இன்று போகாதே" என்றால், அன்று அங்கேயே தங்கிவிடு என்றும் எழுதினேன்.

அக்காளுக்கு என்மேல் கோபம். பையனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.