தெருவில் வண்டி விடுகிறவனுக்கு மின்சாரம் எங்கே?

மின்சார வண்டி வாங்குங்கள், புகை ஒழியும், பெட்ரோல் செலவு மிச்சமாகும் என்று சர்க்காரும் கம்பெனிகளும் பிரசாரம் செய்து வருகின்றன. செய்யட்டும்; புகை ஒழிவது நமக்கும் சம்மதமே. ஆனால் அவ்வண்டிக்கு இரவில் மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் சவுகரியம் யாருக்கு இருக்கின்றது என்றுதான் கேட்கின்றோம்.

பங்களாவாசிக்குக் கஷ்டமில்லை. தன் வீட்டுச் சுவரில் பிளக்கைச் செருகிவிட்டுத் தூங்கப் போகின்றார். அவர் வீட்டு மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வாடகை அறையில் இருந்துகொண்டு தெருவோரம் வண்டி விடுகின்றவனோ பொது நிலையத்துக்குப் போகவேண்டும். அங்கே நடப்பது "சேவை" என்றும், அதற்கு 18 சதவிகித வரி உண்டு என்றும் கர்நாடக ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையம் 2023-ல் சொல்லிவிட்டது. 20 லட்ச ரூபாய்க்கு மின்சாரக் கார் வாங்குகின்றவருக்கு வரி 5 சதவிகிதந்தான்! ஒரே கம்பத்து மின்சாரம் சுவருக்கு உள்ளே ஒரு பெயரும் வெளியே ஒரு பெயரும் எடுக்கின்ற இந்த அவதாரத்தை எந்தப் புராணக்காரனும் எழுதியதாகத் தெரியவில்லை.

2019-ல் திருத்தப்பட்ட மாதிரிக் கட்டட விதிகள், வண்டி நிறுத்துமிடத்தில் 20 சதவிகிதத்துக்கு மின்சார வசதி வேண்டும் என்கின்றன. நிறுத்துமிடமே இல்லாத வீட்டில் 20 சதவிகிதம் எவ்வளவு? 2024-ல் மத்திய மின்சார இலாகா வெளியிட்ட வழிமுறைகளோ, 2030-க்குள் நகரங்களில் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு நிலையமாவது இருக்கவேண்டும் என்கின்றன. பார்வைக்கு நல்ல ஏற்பாடே. ஆனால், ஊருக்கு ஒரு கிணறு என்று கணக்குக் காட்டிய காலத்தில் அந்தக் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் மொண்டார்களா? பெரிய வியாபார மாளிகையின் அடித்தளத்தில் ஒரு நிலையம் வைத்துவிட்டாலும் சதுரக் கணக்கு சரியாய்ப்போகும். ஆட்டோக்காரரும், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கின்ற தொழிலாளியும் அங்கே வாயிற்காவலனைத் தாண்டவேண்டுமே!

சென்னையில் ஆற்றங்கரைகளிலிருந்து கிளப்பிக் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்து மாடி வீடுகளில் வைக்கப்பட்ட ஜனங்களைப் பாருங்கள். பிழைப்புக்காக நகரத்துக்குள் நெடுந்தூரம் வந்து போகவேண்டியிருக்கின்றது. பெட்ரோல் செலவு முதலில் மிச்சமாகவேண்டியது இவர்களுக்கல்லவா? மேல்மாடியிலிருந்து கீழே நிற்கும் வண்டிக்குக் கம்பியிழுக்க முடியுமா? ஸ்கூட்டருக்குப் பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. சாதாரண 15 ஆம்பியர் பிளக் போதும்.

ஆகவே, சதுரத்தை எண்ணுவதை விட்டு, வண்டி நிறுத்த இடமில்லாத குடும்பங்களை எண்ணவேண்டும். குடியிருப்புகளின் அடியிலும், வசதிப்பட்ட இடங்களில் தெருவிளக்குக் கம்பங்களிலும் மீட்டர் வைத்த பிளக்குகள் போடவேண்டும். விலை, வீட்டு மின்சார விலைக்கு மேல் போகக்கூடாது. கைப்பேசிச் செயலி இல்லாதவனிடம் ரொக்கக் காசும் வாங்கிக்கொள்ளவேண்டும். ஓட்டுக் கேட்க வருகின்ற மாநகராட்சி அபேட்சகர்களிடம், தங்கள் தெருவுக்கு எத்தனை பிளக், எந்தத் தேதிக்குள் என்று தோழர்கள் எழுத்து மூலமாகவே கேட்டு வாங்கவேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.